மூடியில் போட்ட ஓட்டை

‘மாதிரிப் பொருள் அடங்கிய பாட்டிலின் மூடியில் துளையிட்டு, நூல் கோத்து, முடிச்சின் மேல் அரக்கு முத்திரை இட வேண்டும்.’ இது விதி. இதை எழுதியவர் கூழ் அண்ணாச்சியைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் விதி எழுதும் உத்தியோகத்தையே விட்டிருப்பார். தாமிரபரணிக் கரையில் அரசாங்கத்தின் எந்தப் படிவத்திலும் அடங்காமல் வாழ்ந்த ஒரே மனிதர் அவர்தான்.

தொண்ணூறுகளின் நடுவில், சிறுதொழில் தொடங்குகிறவர்களுக்குத் தொழிற்பேட்டையில் கொட்டகை ஒதுக்கும் திருநெல்வேலி அலுவலகம் ஒன்றில் நான் கண்காணிப்பாளர். அண்ணாச்சி ஏதோ ஒரு காகித ஆலையில் கூழ் காய்ச்சும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். தச்சநல்லூரில் அவர் மனைவி மாவரைக்கும் கடை வைத்திருந்தார். குலை வெட்டியபின் வாழை மரங்களை வாய்க்காலோரம் தள்ளிவிட்டுப் போவார்களே, அவற்றை அண்ணாச்சி சைக்கிளில் கட்டி இழுத்து வருவார். மட்டையை நாராக்கி, காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, பிளீச்சிங் பவுடரில் வெளுத்து, பத்துத் தண்ணீரில் அலசி, மனைவியின் கிரைண்டரில் போட்டு நாள்கணக்கில் ஆட்டுவார். கடைசியில் நுங்கு மாதிரி ஒரு கூழ் வரும்.

“என்ன அண்ணாச்சி இது?”

“நார்தான் சார்வாள். கிழிச்ச நாரைக் கிழிச்சு, அதையும் கிழிச்சு, இப்பம் கண்ணுக்கே தெரியாது.”

கண்ணுக்குத் தெரியாததற்கு எங்களிடம் படிவம் இல்லை என்றேன். இன்றைக்கு அதற்கு நானோ செல்லுலோஸ் என்று பெயர் சூட்டி, ஏசி அறையில் கருத்தரங்கு நடத்துகிறார்கள். அன்றைக்கு அது வெறும் கூழ்.

கூழ் பூசிக் காயவைத்த காகிதம் லேசில் கிழியாது. அதை நிரூபிக்க, கொட்டகை கேட்டு எழுதிய தன் மனுவுக்கே பூசிக் கொண்டுவந்தார். கோப்பில் சேர்க்க ஓட்டை போடப்போன பியூனுக்குப் பஞ்சிங் மெஷினின் பல் மடங்கிவிட்டது. “மனுவா இது? தகரம்லா கொண்டாந்திருக்கீரு அண்ணாச்சி” என்றார். என் பணிக்காலத்தில் எந்த அதிகாரியாலும் கிழித்துப் போட முடியாத மனு அது ஒன்றுதான்.

படிவத்தில் அடுத்த வில்லங்கம். ‘பொருளின் நிலை: திடம், திரவம், தூள். பொருந்தாதவற்றை அடிக்கவும்.’ அண்ணாச்சி ஒரு டம்ளர் கூழை என் மேசைக்கு மேலே கவிழ்த்தார். விழவில்லை. “அப்போ திடம்” என்றேன். டம்ளரை நிமிர்த்தி, என் பேனாவாலேயே நன்றாகக் கலக்கிச் சாய்த்தார். வருகைப் பதிவேட்டின் மேல் ஓடியது.

“இப்பம் என்ன போடுவீக சார்வாள்?”

அவரே மூன்றையும் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இதற்குள் வீட்டில் கலகம். அவர் மனைவி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். “சார், இவுக கிரைண்டரச் சரியாக் கழுவாமப் போட்டுட்டாக. டீச்சர் வீட்டுத் தோசையப் பிய்க்க ரெண்டு ஆளு வேண்டியிருந்துச்சாம். வர்ற பொங்கலோட எங் கிரைண்டர் எனக்கு வேணும். அதுக்குள்ள கொட்டகையக் குடுங்க. இல்லைன்னா இவுகளை நீங்களே வச்சுக்கிடுங்க.”

கிரைண்டர் போனால் கூழ் போயிற்று. கூழ் போனால் அண்ணாச்சிக்குக் காலையில் எழுந்திருக்க வேறு காரணம் கிடையாது.

மாதிரியைச் சென்னை பார்த்துச் சரி சொன்னால்தான் கொட்டகை. ஊறுகாய் பாட்டிலின் அடியில் இரண்டு கரண்டிக் கூழ் வந்தது. விதிப்படி நானே துளையிட்டு, நூல் கோத்து, அரக்கு வைத்தேன். அனுப்புமுன் ஆட்சேபணைக்காகத் தொண்ணூறு நாள் காத்திருக்க வேண்டும் என்பது அடுத்த விதி. பாட்டில் பீரோ மேல், மின்விசிறிக்குக் கீழே, ஒரு முழுக் கோடையும் காத்திருந்தது. யாரும் ஆட்சேபிக்கவில்லை. வெயில் மட்டும் ஓட்டை வழியாக வேலையை முடித்துக்கொண்டது.

கார்த்திகையில் பாட்டில் திரும்பி வந்தது. ‘உள்ளே நகத்துண்டு போன்ற ஒன்றே உள்ளது. மனுதாரர் விளக்கம் தரவும்.’

அண்ணாச்சியை வரவழைத்து, தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாமே என்றேன்.

“ஒருவாட்டி உலந்துட்டா ஒண்ணோட ஒண்ணு இறுக்கிப் பிடிச்சுக்கிடும் சார்வாள். அப்புறம் பிரியாது.” மூடியைத் திருப்பி ஓட்டையைப் பார்த்தார். “இது யாரு போட்டது?”

“நான்தான்.”

“நீங்களா? அதாம் இம்புட்டு நேர்த்தியா இருக்கு.”

அவர் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மறுநாள் புதுக் கூழ் வந்தது. ஓட்டை போடாமல், மூடியைச் சுற்றித் துணி கட்டி, துணி மேல் அரக்கு வைத்து, தொண்ணூறு நாள் காக்காமல் அன்றைய தபாலிலேயே அனுப்பினேன். முப்பத்தொரு வருடத்தில் நான் தெரிந்தே மீறிய விதிகள் அந்த இரண்டுதான்.

ஒரே உறையில் இரண்டு தாள் வந்தன. பொருள் ‘இதர’ என்ற வகையில் ஏற்கப்பட்டது, கொட்டகை வழங்கலாம் என்றது முதல் தாள். முத்திரை விதிப்படி இல்லாததற்குக் கண்காணிப்பாளர் விளக்கம் தர வேண்டும் என்றது இரண்டாவது தாள்.

இரண்டையும் எடுத்துக்கொண்டு தச்சநல்லூர் போனேன். மனைவி முதல் தாளை வாசித்துவிட்டு, “பொங்கல் வந்தாச்சு. கிரைண்டரக் கழுவிக் குடுங்க” என்றார். அண்ணாச்சி விளக்கம் கேட்ட என் மெமோவை வாங்கி, பைய விரித்து, கடைசி ஈடு கூழில் மிஞ்சியதை இரண்டு பக்கமும் பூசிக் காயவைத்துக் கொடுத்தார்.

“இனி உங்களாலயே கிழிக்க முடியாது சார்வாள்.”

கிழிக்க நினைத்ததும் இல்லை. இன்னும் அலமாரியில் இருக்கிறது. ஓரம்கூட மடங்காத அந்தத் தாளில், தபால் பிரிவின் முத்திரை அழியாமல் நிற்கிறது: ஜனவரி பன்னிரண்டு.