நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் மகிமை

எங்கள் ஏரியில் ஐந்து மாதம் உறைந்து கிடக்கும் பனிக்கட்டியின் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கனடா உலகுக்கு வழங்கிய மாபெரும் நாவலாசிரியர் வெண்டல் குரூச்சர், பிக்கரல் பேயில் என் பக்கத்து வீட்டுக்காரர். பதினொரு நாவல்கள். பதினொன்றிலும் குளிர், ஒரு விதவை, உறைந்த ஏரி. இலக்கியத்துக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

எழுபத்தாறாவது வயதில் அவருக்கு ஒரு விபரீத ஆசை வந்தது. யாராவது தன்னை வாசிக்க வேண்டுமாம். என்னிடம் வந்து புலம்பினார்.

"லோர்ன், நாப்பது வருஷமா எல்லாரும் 'அருமை'ங்கறாங்க. எந்தப் பக்கம்னு ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கறான்."

"நம்ம ஜனங்க மரியாதை தெரிஞ்சவங்கப்பா. பக்கம் சொல்லி உன்னை நோகடிப்பாங்களா?"

எனவே பன்னிரண்டாவது நாவலின் நடுவில், 112ஆம் பக்கம் தொடங்கி, தன் பனி வாரும் இயந்திரத்தோடு வந்த கையேட்டை அப்படியே செருகினார். நாட்டு வழக்கப்படி பாதி ஆங்கிலம், பாதி பிரெஞ்சு. ஒரே ஒருவர் கண்டுபிடித்தாலும் திருத்தி எழுதுவது. இல்லாவிட்டால் இனி எழுதுவதே இல்லை.

டொராண்டோவிலிருந்து பதிப்பாசிரியை பியாட்ரிஸ் போன் செய்தாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நடுவுல அந்தப் பகுதி..."

வெண்டல் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "சொல்லும்மா, தயங்காம சொல்லு."

"அழுதுட்டேன் சார்."

நாவல் வெளிவந்ததும் அந்த ஆண்டின் இலக்கியப் பரிசுக் குழுவும் 'ஒருமனதாக' உருகியது. அறிக்கை இப்படிப் போயிற்று: 'இரு மொழிகளையும் ஒரே மூச்சில் தழுவிய தேசிய சாதனை. "கத்தி சுழலும்போது கையை உள்ளே விடாதீர்" என்ற வரியில் கனடாவின் ஆன்மா நடுங்குகிறது.'

பரிசளிப்பு மதிய விருந்தில் வெண்டல் மேடையேறி உண்மையைப் போட்டு உடைத்தார். "நூத்திப் பன்னெண்டுலேர்ந்து அறுபது பக்கம் என் மெஷினோட கையேடு. யாருமே படிக்கலையா?"

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. "என்ன ஒரு அடக்கம் பாருங்க" என்று முன்வரிசை அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில், காரில், வெண்டல் மெதுவாகக் கேட்டார்.

"நீயாவது படிச்சியா, லோர்ன்?"

"ரோடு வழுக்குதுப்பா. பேச்சுக் குடுக்காதே."

அதன்பிறகு அவர் ஒரு வரியும் எழுதவில்லை.

அந்தப் பரிசுக் குழுவின் தலைவர் நான். கத்தி சுழலும் வரி நாவலின் பின்னட்டையிலேயே இருந்தது.