மரத்துக்குத்தான் வயசாச்சு

வயசுப் பரிசோதகர் என்றொரு இனம் உண்டு. தேடிப் போக வேண்டாம். நீங்கள் பளிச்சென்று உடுத்திக்கொண்டு கிளம்பினால் போதும், எதிரே வந்து நிற்பார். "என்ன, ஒரேயடியா தளர்ந்துட்டீங்க?" என்பார். நலம் விசாரிக்கிறாராம்!

இந்த இனத்தில் மூத்தவர், மன்னிக்கவும், முக்கியமானவர், ஒரு வங்கி மேலாளர். பக்கத்து வீட்டு நாய், சொந்த மச்சினர், ஆபீஸ் லிஃப்ட், தொட்டியில் நிற்கும் ரோஜா என்று எதைப் பார்த்தாலும் அதற்கு வயசாகிவிட்டதாகவே அவருக்குப் படும். அவருக்கு மட்டும் வயசே ஆகாது. மாடிப்படியில் மூச்சு வாங்கினால் படியை உயரமாகக் கட்டித் தொலைத்தார்கள். பேண்ட் இடுப்பில் ஏறாவிட்டால் சலவையில் சுருங்கிவிட்டது. செய்தித்தாளில் எழுத்து மங்கினால் அச்சகத்தார் மையை மிச்சம் பிடிக்கிறார்கள். தூரத்துப் பஸ் நம்பர் தெரியாவிட்டால் பெயின்ட் மட்டம். மூக்குக்கண்ணாடியா? அதெல்லாம் கிழவர்களுக்கு.

போன வாரம் அவர் பார்வை கொல்லைப்புறத்துக் கொய்யாமரத்தின் மேல் விழுந்தது.

"இலை பழுக்குது, பட்டை உரியுது, காய்ப்பும் நின்னுபோச்சு. கிழடு தட்டிடுச்சு. ஞாயித்துக்கிழமை ஆள் வரான், வெட்டிட்டு கார் ஷெட் போட்டுடலாம்."

மனைவி பதறி ஓடிவந்தார். குடிவந்த புதிதில் மனைவியே தன் கையால் வைத்த மரம் அது.

"கொய்யான்னா பட்டை உரியத்தாங்க செய்யும். நேத்து தட்டுல நறுக்கி வெச்சேனே, அது எங்கேர்ந்து வந்துச்சாம்?"

"கடையிலேர்ந்து."

ஞாயிற்றுக்கிழமை ஆள் ரம்பத்தோடு வந்து நின்றார். மனைவி வாதாடவில்லை. கணவரை மரத்தடிக்கு இழுத்துப் போய், தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவர் மூக்கில் மாட்டினார்.

"இப்ப மேலே பாருங்க."

பார்த்தார். கிளைக்குக் கிளை கொய்யா, முஷ்டி முஷ்டியாக. மெல்லத் தலையைத் தாழ்த்தினார். எதிரே மனைவி.

"ஏய், உனக்கு எப்போ இவ்வளவு நரைச்சுது?"

"அப்படியே அதைக் கழட்டாம உள்ளே போய், நிலைக்கண்ணாடியில உங்களையும் ஒரு தடவை பார்த்துட்டு வாங்க."

போனார். ரம்பக்காரர் வெற்றிலை போட்டு முடித்தும் ஆளைக் காணோம். மனைவிக்குப் பாவமாகக்கூட இருந்தது. கடைசியில் வெளியே வந்தவர், ரம்பக்காரருக்கு ஒரு பை கொய்யாவைக் கொடுத்து அனுப்பிவிட்டுச் சொன்னார்:

"மரம் இருக்கட்டும். அந்த நிலைக்கண்ணாடிக்குத்தான் ரொம்ப வயசாயிடுச்சு. மாத்திடணும்."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இந்தப் பக்கத்தை ஏன் கையை நீட்டி அவ்வளவு தள்ளிப் பிடித்திருக்கிறீர்கள்? எழுத்தைப் பொடியாக அச்சடித்துவிட்டார்களோ?