உராய்வு இல்லை என்று வைத்துக்கொள்பவர்

உராய்வு இல்லை என்று வைத்துக்கொள்பவர் என்றொரு வகை மனிதர் உண்டு. பார்த்திருப்பீர்கள். தேங்காய் விழுந்தால் யார் தலையில் என்று கேட்க மாட்டார். எவ்வளவு வேகத்தில் என்று கேட்பார். பதிலையும் அவரே சொல்வார். மேலே இருக்கும்போது நிலை ஆற்றல், கீழே வந்தால் அத்தனையும் இயக்க ஆற்றல், இரண்டையும் சமன் செய்தால் நிறை இரு பக்கமும் அடிபட்டுப் போகும், உயரம் தெரிந்தால் வேகம் தெரிந்துவிடும் என்று, வீட்டுக்காரர் தலையைத் தடவிக்கொண்டிருக்கும்போதே மண்ணில் குச்சியால் எழுதிக் காட்டுவார். காற்று, உராய்வு? அதெல்லாம் இல்லையென்று வைத்துக்கொள்ள வேண்டும்.

மேடு என்று சொல்ல ஆற்றுக்கரையைத் தவிர எதுவும் இல்லாத தஞ்சைச் சீமையில் இப்படி ஒருவர் பிழைப்பது கடினம். நான் பிழைக்கிறேன். குடவாசல் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார்.

குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே என்று சட்டம் வந்திருந்த நேரம். என் அக்கா காத்தாயியின் குடிசை பண்ணையார் மனையில் இருந்தது. அவர் காலி செய்யச் சொல்ல, அக்கா மனுப் போட, குடவாசலில் அன்று காலை விசாரணை. போகாவிட்டால் மனை போய்விடும். பஸ் போயேவிட்டது. அக்காவை சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொண்டு ஆற்றுக்கரை மேல் மிதித்தேன். ரோட்டுக்கு இறங்கும் சரிவு வந்தது.

“பிரேக்கைப் புடி தம்பி.”

“வேணாங்கா. உராய்வு இல்லைன்னு வச்சுக்க. மிதிக்காமலே கீழ போறப்ப மணிக்கு முப்பது கிலோமீட்டர். அதே வேகத்துல குடவாசல் போயிடலாம்.”

“கீழ வைக்கோல் கெடக்கு தம்பி.”

என் கணக்கில் வைக்கோலே கிடையாது. வண்டிகள் ஏறி, ஒட்டியிருக்கும் நெல் உதிரட்டும் என்று யாரோ ரோடு முழுக்கப் பரப்பியிருந்த அந்த வைக்கோலில் முன்சக்கரம் புதைந்து, சங்கிலியில் அது சுற்றிக்கொண்டு, அக்கா வைக்கோல் மேலும் நான் தார் மேலும் விழுந்தோம். நிறை அடிபட்டதோ இல்லையோ, முழங்கால் அடிபட்டது.

“ஆற்றல் அழியலைக்கா. சூடா மாறியிருக்கு.”

“நீ உக்காந்து தேடு. எனக்கு மனை வேணும்.”

கட்சிக் கொடி கட்டி வந்த லாரியைக் கை காட்டி நிறுத்தி அக்கா ஏறிப் போய்விட்டாள். நான் நிஜமாகவே தேடினேன். சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன். லேசான சூடுதான். எனக்குப் பெரிய ஏமாற்றம்.

நீங்கள் மட்டும் என்ன? மணிக்கு முப்பது என்றதும், அப்படியானால் கரை மூன்றரை மீட்டர் இருக்குமே என்று மனதுக்குள் போட்டுப் பார்த்தீர்களா? விடை சரி. ஆனால் அதைப் போட்டது அக்காவுக்கு மனை கிடைத்ததா என்று யோசிப்பதற்கு முன்பா, பின்பா? முன்பு என்றால் வாருங்கள், நீங்களும் நம் ஆள்தான்.

மனை கிடைத்துவிட்டது. நானும் அதை மறுநாள்தான் கேட்டேன்.