நடு அளவில் ஒரு ஜோடி

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நடந்தவை, நடந்த வரிசையிலேயே:

1. இருபத்துநாலு வயதில், வாழ்க்கையில் முதன்முறையாக, ரவிக்கை நிரம்பிய நிலையில் கூடத்துக்கு வந்தேன்.
2. வேப்பூரிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மாவுக்கு என்னைப் பார்த்ததும் பிடித்துவிட்டது.
3. பிடித்துப்போன சந்தோஷத்தில் எழுந்து வந்து என்னைக் கட்டி அணைத்தார்.
4. என் நெஞ்சிலிருந்து "கிண்" என்று ஓசை வந்தது.
5. அதன்பிறகு அந்தக் கூடத்தில் யாரும் சரியாக மூச்சுவிடவில்லை.

வரிசை சரிதான். ஆனால் இதை மட்டும் படிப்பவர்கள் என்னைப் பைத்தியம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். (முழுவதையும் படித்தாலும் அப்படித்தான் முடிவு கட்டுவார்கள். ஆனாலும் காரணம் தெரிந்து கட்டட்டும்.)

நான் பீங்கான் தொழில்நுட்பத்தில் டிப்ளமா படித்தவள். எழுபதுகள் பாதி கடந்திருந்த அந்தச் சமயத்தில், விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்கூடத்தின் அச்சுப் பிரிவில் வேலை பார்த்தேன். உடம்பைப் பற்றிச் சொல்வதென்றால், சொல்வதற்கு அங்கே எதுவும் இல்லை. குள்ளம், ஒல்லி, சிறு எலும்பு. புடவை கட்டிக்கொண்டு நடந்தால் புடவை மட்டும் தனியாக நடந்து வருவது போலிருக்கும்.

அதற்கு முன் இரண்டு இடங்களிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். முதல் வீட்டார் தரகர் மூலம், "பொண்ணு குணம் தங்கம்" என்று சொல்லியனுப்பினார்கள். குணத்தை மட்டும் பாராட்டினால் என்ன அர்த்தம் என்று எங்கள் அம்மாவுக்குத் தெரியும். இரண்டாம் வீட்டார் அந்த மரியாதையும் பார்க்கவில்லை. "கொஞ்சம் ஒடம்பு வெக்கட்டும், பாப்போம்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனார்கள்.

அம்மா பழியைத் தூக்கி எங்கள் தொழிற்கூடத்துச் சூளையின் மேல் போட்டாள்.

"அந்த சூள இருக்குதே, அதாங்க இவள உறிஞ்சிடுச்சு" என்று அப்பாவிடம் சொன்னாள். "அங்க போனா மண்ணே சுருங்கிப்போவுதாம். இவளே சொல்லியிருக்கா. மண்ணே சுருங்கும்போது இவ எம்மாத்திரம்?"

மண் சுருங்கும் என்று சொன்னது நான்தான். அதனால் மறுத்துப் பேச முடியவில்லை.

ரயில்வே சரக்கு அலுவலகத்தில் வேலை பார்த்த அப்பா அதிகம் பேசமாட்டார். பேசினால் அது உத்தரவாக இருக்கும். "வேப்பூர்க்காரங்க வராங்க. அவங்களும் வேணான்னா, வேலையை வுட்டுடு. கருவேப்பிலங்குறிச்சியில மாமா வூட்டுல ஆறு மாசம் எருமப்பால் குடிச்சி ஒடம்பத் தேத்திக்கிட்டு வா" என்றார்.

பார்க்க வருகிற மாப்பிள்ளை எப்படி இருப்பான் என்பது எனக்கு அப்போது இரண்டாவது கவலைதான். கல்யாணத்துக்குப் பிறகும் நான் வேலைக்குப் போகலாம் என்று வேப்பூரில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஆகவே இந்தச் சம்பந்தம் முடிந்தால் வேலை இருக்கும், முடியாவிட்டால் எருமைப்பால். புதிய அச்சைப் பிரிக்கும்போது முதல் கோப்பை தானாக நழுவிக் கையில் வந்து விழும். அந்த நொடிக்காக நான் யாரை வேண்டுமானாலும் கட்டிக்கொண்டிருப்பேன்.

வழி சொன்னது அண்ணி. என் அண்ணன் மனைவி, புதுச்சேரிப் பெண். எல்லாவற்றுக்கும் கடையில் ஒரு பொருள் விற்கிறது என்று நம்புகிறவள். பிறந்த வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது பெட்டியின் அடியில் மறைத்து ஒன்றைக் கொண்டுவந்தாள். உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் ஸ்பஞ்சு.

"வெளிநாட்டுல டாக்டருங்க அறுத்து உள்ளயே வெச்சித் தச்சிடுறாங்களாம். நமக்கு அதெல்லாம் எதுக்கு, காலைல வெச்சி ராத்திரி எடுத்துடலாம்" என்றாள்.

கதவைத் தாழிட்டு வைத்துப் பார்த்தோம். அண்ணி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அது யாரோ வாட்டசாட்டமான பெண்மணிக்காகச் செய்தது. என் மேல் ஒரு அக்குளில் தொடங்கி மறு அக்குளில் முடிந்தது. அந்த இரண்டின் பின்னால் நான் ஒளிந்துகொண்டு எட்டிப்பார்ப்பது போலிருந்தது.

"வேற சைஸு இல்லியா அண்ணி?"

"இது ஒண்ணுதான்டி வெச்சிருந்தான். கேக்கவே எனக்கு மானம் போச்சு. இதுல சைஸு வேற கேப்பாங்களா?"

இலவம்பஞ்சை உருட்டி வைத்துப் பார்த்தோம். ஒரு பக்கம் கீழே இறங்கியது, மறுபக்கம் மேலே ஏறியது. பழந்துணி அரை மணி நேரத்தில் தட்டையாகிவிட்டது. இங்கேதான் என் படிப்பு குறுக்கே வந்தது. உருவம் மாறாமல், எடை குறைவாக, தேவையான அளவில், ஒரே மாதிரி இரண்டு வேண்டும். இதைத்தானே நான் தினமும் செய்துகொண்டிருக்கிறேன்?

படிக்காதவளாக இருந்திருந்தால் பஞ்சை இன்னும் கொஞ்சம் இறுக்கித் தைத்திருப்பேன். கல்யாணமும் ஆகியிருக்கும்.

பீங்கான் கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றினால், அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ளும். சுவரோரமாக மெல்லிய ஓடு படியும். மீதிக் கூழைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டால் உள்ளே வெற்றிடம். தேநீர்க் கோப்பை அப்படித்தான் பிறக்கிறது. நான் செய்ய நினைத்ததும் ஏறக்குறைய கோப்பைதான், கவிழ்த்து வைத்தது.

அளவுதான் சிரமம். சிறிய உடம்புக்கு எது சரியான அளவு என்று எந்தப் பாடத்திலும் சொல்லித்தரவில்லை. நானே விதிகளை வகுத்தேன். அகலம் விலா எலும்பின் அகலத்தைத் தாண்டக் கூடாது. பக்கவாட்டில் பார்த்தால் தோளைத் தாண்டி ரொம்ப முன்னால் துருத்தக் கூடாது. விளிம்பு மார்புக்கூட்டின் வளைவோடு பொருந்த வேண்டும். போன வாரம் கடைத்தெருவில் என்னைப் பார்த்தவர்கள் இந்த வாரம் பார்த்தால் திடுக்கிடக் கூடாது. மூன்று அளவுகள் வரைந்தேன்: சிறியது, நடு, பெரியது. நடு அளவுதான் எனக்கென்று கணக்குச் சொன்னது. மற்ற இரண்டும் ஒப்பிட்டுப் பார்க்க.

வேலை நேரம் முடிந்து எல்லோரும் போன பிறகு அளவுக்கு ஒரு ஜோடியாக ஆறு வார்த்தேன். ஒரு சூடு மட்டும் போதும், அரை வேக்காட்டில் எடுத்துவிடலாம் என்று திட்டம். அந்தப் பதத்தில் ஓடு லேசாக இருக்கும், சொரசொரப்பாக இருப்பதால் துணியில் வழுக்காது, அளவும் அதிகம் சுருங்காது.

சூளை மேஸ்திரி ஆறையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னாம்மா?"

"மூடிங்க. ஜாடி மூடி."

"ஜாடி எங்க?"

"ஜாடி அப்புறம் வரும்."

"மேல புடி இல்லியேம்மா. எப்புடித் தொறப்பாங்க?"

"அது புது டிசைன் மேஸ்திரி" என்றேன். அவர் என்மேல் மரியாதை உள்ளவர். மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

சூளை பிரித்த அன்று போனேன். ஆறும் வெள்ளை வெளேரென்று பலகையில் வரிசையாக இருந்தன. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அரை வேக்காட்டுக்கு அந்த வெண்மை வராது.

"ஒங்க பீஸ அந்த சின்ன சூட்டுல போடறதுக்கு மனசு வரல" என்றார் மேஸ்திரி, முகமெல்லாம் சிரிப்பாக. "நல்ல சூளையில, நடுவுல எடம் பண்ணி வெச்சேன். முழு வேக்காடு."

முழு வேக்காட்டில் பீங்கான் எட்டில் ஒரு பங்கு சுருங்கும். சிறியது உப்புக் கிண்ணமாகிவிட்டது. நடு அளவு எனக்கே சிறிதாகிவிட்டது. ஆனால் பெரியது சுருங்கி, நான் கணக்குப் போட்ட நடு அளவில் வந்து நின்றிருந்தது. அளவுகோலை வைத்துப் பார்த்தேன். நூலிழை பிசகில்லை. இதைக் கடவுளின் கருணை என்று நினைத்தேன்.

அண்ணி ரவிக்கையின் உள்ளே இரண்டு பை வைத்துத் தைத்தாள். சனிக்கிழமை மாலை ஒத்திகை பார்த்தோம். குனிந்தேன், நிமிர்ந்தேன், தட்டில் டம்ளர்களோடு நடந்தேன், வேண்டுமென்றே தும்மினேன். எதுவும் அசையவில்லை. அம்மா கதவிடுக்கில் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

"என் கண்ணே பட்டுடும் போல இருக்குது" என்று சொல்லித் திருஷ்டி கழித்தாள். பிறகு தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். "என்னாடி இது, கல்லாட்டம்?"

"பீங்கான்மா."

"பீங்கானா." கதவை மறுபடி சாத்தினாள். "சரி, யாரு தொட்டுப் பாக்கப் போறா? அப்பாகிட்ட சொல்லாத."

எடை, அகலம், வளைவு, விளிம்பு, வழுக்கல் எல்லாவற்றையும் சோதித்திருந்தேன். ஓசையைச் சோதிக்கவில்லை. உடம்புக்கு ஓசை உண்டென்று யார் நினைப்பார்கள்?

மாப்பிள்ளை வீட்டார் பதினோரு மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளை தலையை நிமிர்த்தவே இல்லை. அவருடைய அப்பாவுக்கு நெடுஞ்சாலையோரம் ஒரு ஓட்டல். அவருடைய அம்மா நல்ல ஆகிருதி, வாய் நிறையச் சிரிப்பு, கழுத்தில் கனத்த காசுமாலை. நான் காபி கொடுத்துவிட்டு நிமிர்ந்ததும் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"என்னாங்க, தரகரு எலும்பும் தோலும்னு சொன்னாரு? பொண்ணு அளவா, அம்சமா இல்ல இருக்குது" என்று கணவரிடம் சொன்னார்.

"அளவா" என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கியது. (இதுவரை எந்தப் பரீட்சையிலும் எனக்கு அப்படியொரு மதிப்பெண் கிடைத்ததில்லை.) அவர் அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டார். "பயப்படாத கண்ணு, எனக்குப் பொண்ணு கெடையாது. நீதான் எம்பொண்ணு" என்று எழுந்து வந்து என்னை மார்போடு சேர்த்து அணைத்தார்.

காசுமாலை பீங்கானில் மோதியது. கிண்.

வெட்கத்தைவிட்டு ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நொடியில் என் தொழில்மூளைக்குத் தோன்றியது இதுதான்: சுத்தமான ஓசை, விரிசல் எங்கும் இல்லை, நன்றாக வெந்திருக்கிறது, அரை வேக்காடாக இருந்தால் இந்த ஓசை வந்திருக்காது. அதற்கு அடுத்த நொடியில்தான் செத்துப்போகலாம் என்று தோன்றியது.

"உள்ள டம்ளர் வுழுந்திருக்கும்" என்றாள் அம்மா.

அந்த அம்மாள் மெதுவாக விலகி, மறுபடி லேசாக என்மேல் சாய்ந்தார். கிண். இந்த முறை ஓசை நீண்டு ஒலித்தது.

"இல்லீங்க. நெஞ்சுலேர்ந்து வருது" என்றார். அவருடைய முகத்தில் கோபம் இல்லை, பரிதாபம்தான் இருந்தது. என் கன்னத்தைப் பிடித்து மிகவும் மெதுவாகக் கேட்டார்: "கண்ணு, மறைக்காம சொல்லு. நெஞ்சுல ஆபரேஷன் எதுனா ஆயிருக்குதா?"

மாப்பிள்ளையின் அப்பா காபியைக் கீழே வைத்தார். "பட்டணத்துல இதயத்துக்குப் பக்கத்துல என்னமோ மிஷினு வெக்கிறாங்களாம். பேப்பர்ல போட்டிருந்தான்."

எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ரவிக்கைக்குள் பீங்கான் இருக்கிறது என்று சொல்வது. இரண்டு, ஆபரேஷன். கௌரவமாகத் தெரிந்த வழியைத் தேர்ந்து, ஆமாம் என்று தலையசைத்தேன்.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "ஆபரேஷனா? எம்பொண்ணு ஒரு ஊசி கூடப் போட்டுக்கிட்டதில்லீங்க."

"அப்ப அந்த சத்தம் என்னாங்க?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அண்ணியைப் பார்த்தாள். அண்ணி சமையலறைக்குள் போய்விட்டாள்.

அவர்கள் சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பஜ்ஜியைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, நல்ல வார்த்தை சொல்லிக் கிளம்பினார்கள். "பெத்தவங்களுக்கே தெரியாம பாவம் தனியா தாங்கியிருக்குது புள்ள. ஒடம்பப் பாத்துக்கம்மா, வெயிட்டு தூக்காத" என்று அந்த அம்மாள் என் தலையைத் தடவினார். மாப்பிள்ளை அப்போதுதான் தலையை நிமிர்த்தி முதல்முறையாக என்னைப் பார்த்தார். நல்ல முகம். அதை நான் கவனித்திருக்கவே வேண்டாம்.

அவர்கள் வந்த கார் போனதும் அம்மா அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நான் உள்ளே போய் இரண்டையும் எடுத்து வந்து மேஜைமேல் வைத்தேன். அப்பா ஒன்றைக் கையில் எடுத்தார். அதன் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"ஒடஞ்சிருந்தா?" என்றார். "குத்தியிருந்தா என்னாத்துக்கு ஆவறது?"

அதை மெதுவாக மேஜைமேல் வைத்துவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் அன்றைக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அழுதேன்.

செய்தி வேப்பூரிலிருந்து எங்கள் பக்கத்து மங்களூர் வரைக்கும் பரவியது. தரகர் எங்கள் தெருப்பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். கருவேப்பிலங்குறிச்சி மாமா ஆள் அனுப்பினார்: இதய நோயாளியைக் கிராமத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள வசதி போதாது, ஆஸ்பத்திரி தூரம், மன்னிக்கவும். எருமைப்பால் ஒழிந்தது. அப்பா, "வேலையையாச்சும் பாரு" என்றார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துத் திங்கட்கிழமை சீக்கிரமாகவே கிளம்பிப் போனேன்.

செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. வாசலிலேயே மேஸ்திரி என் கையிலிருந்த டிபன் டப்பாவை வாங்கிக்கொண்டார். அச்சைத் தூக்கப் போனால் இரண்டு பேர் ஓடிவந்தார்கள். மேனேஜர் கூப்பிட்டு, "எங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்று உருக்கமாகப் பேசி, என்னை அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே ஒரு மேஜையில் உட்கார வைத்தார். சரக்குப் பெட்டிகளுக்குச் சீட்டு எழுதும் வேலை. சூளைப் பக்கமும் அச்சுப் பக்கமும் போகக் கூடாது, சூடு இதயத்துக்கு ஆகாது.

டாக்டரிடம் போய்ச் சான்றிதழ் வாங்கி வந்தேன். மேனேஜர் அதைப் படித்துவிட்டு, வேலைக்காக நோயை மறைக்கிற என் தைரியத்தைப் பாராட்டினார்.

இது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. வீட்டில் இது நிரந்தரச் சிரிப்பாகிவிட்டது. பாத்திரக் கடையில் கோப்பை வாங்கும்போது அண்ணன் விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் வெந்திருக்குது. ஆனா வேப்பூர்ல எடுத்துக்க மாட்டாங்க" என்பான். அண்ணி சிரித்துக் கீழே உட்கார்ந்துவிடுவாள். இப்போதெல்லாம் அப்பாவும் சிரிக்கிறார். நானும் சிரிக்கிறேன், ஒரு சுற்று தாமதமாக.

இப்போதைய நிலவரம்: எனக்கு இன்னும் திருமணம் ஆகவில்லை. மின்விசிறிக்குக் கீழே அதே மேஜையில்தான் இருக்கிறேன். அச்சுப் பிரிவை என்னைவிட இளையவன் ஒருவன் பார்த்துக்கொள்கிறான். என் இதயம் நன்றாக இருக்கிறது.