வாக்கியத்தை முடித்துவைப்பவர்

நம்மிடையே ஓர் இனம் உண்டு. அடுத்தவர் பேச வாயைத் திறந்தால் போதும், பாதி வாக்கியத்தைப் பிடுங்கிக்கொண்டு மீதியைத் தாமே முடித்துக் கொடுப்பார்கள். இந்தச் சேவைக்குக் கூலி கிடையாது. நீங்கள் நன்றி சொல்லி முடிப்பதற்குள் "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று அதையும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

"நேத்துலேருந்து எனக்குத் தலை..." என்பீர்கள்.

"சுத்துதா? எனக்கும்தான்!" என்று தம் தலைசுற்றலின் வரலாற்றைத் தொடங்குவார். உங்களுக்கோ தலைவலி. அதைக் கேட்க ஆளில்லை.

இதில் தமிழுக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. நம் மொழியில் வேண்டும், வேண்டாம், முடியும், முடியாது எல்லாமே வாக்கியத்தின் வாலில்தான் உட்கார்ந்திருக்கும். வால் யார் கையிலோ, முடிவும் அவர் கையில்.

எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் இந்த இனத்தின் அசல் மாதிரி. நல்ல மனிதர், அதுதான் தொல்லை. கெட்டவராயிருந்தால் சண்டையாவது போடலாம். அவருடைய மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி, தையற்காரர். அவருக்கு வந்த பக்கவாதம் கைகால்களைப் பெரும்பாலும் திருப்பிக் கொடுத்துவிட்டது; பேச்சை மட்டும் சில்லறை சில்லறையாகக் கொடுத்துவந்தது. சொல்ல நினைத்தது மனதில் முழுசாக இருக்கும். வாயில் ஒவ்வொரு சொல்லாக, நின்று நின்று வரும். தலைவர் அவரைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டு, பிரியமாக, அவருக்கும் சேர்த்துத் தாமே பேசிவந்தார். "த... த..." என்றால் உடனே தண்ணீர் வரும். தலையணை கேட்டுக் கேட்டே அந்த மனிதர் ஒரு குடம் தண்ணீராவது குடித்திருப்பார்.

ஒருநாள் சங்கத்தில் கூட்டம். தலைப்பு: 'உலகின் நீடித்த வளர்ச்சியில் பேச்சுப் பயிற்சி நிபுணரின் பங்கு'. மைத்துனருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மாளைத் தலைவரே அழைத்திருந்தார். மைத்துனரை முன்வரிசையில், காட்சிப் பொருள் மாதிரி, அக்காவின் பக்கத்தில் உட்கார்த்தி வைத்திருந்தார்.

அம்மாள் தொடங்கினார். "உலக வளர்ச்சிக்கு எங்களால என்ன செய்ய முடியும்னா..."

"மரம் நடலாம்!" என்றார் தலைவர். பலத்த கைதட்டல்.

"பேச்சு சரியா வராத பிள்ளைங்க படிப்புல பின்தங்கி, அப்புறம் வேலை..."

"வெட்டியில்லாம ஊர் சுத்துதுங்க! சரியாச் சொன்னீங்க!"

"வறுமையை ஒழிக்க முதல்ல..."

"சிக்கனம்!"

நீடித்த வளர்ச்சி பற்றிய கூட்டத்தில் ஒரு வாக்கியம்கூட நீடிக்கவில்லை. அம்மாள் பேச்சை நிறுத்திவிட்டு, "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றார்.

மைத்துனரின் தையற்கடை இருக்கும் கட்டடத்தின் சொந்தக்காரர் எழுந்தார். "கேள்வி அவருக்குத்தாங்க. கடை பூட்டியே கிடக்கு. இன்னொருத்தர் வாடகைக்குக் கேக்குறார். அண்ணே, நீங்களே சொல்லிடுங்க. வச்சுக்கிறீங்களா, விட்டுடறீங்களா?"

தையற்காரர் நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டு எழுந்தார். "கடையை... வி... வி..."

"விட்டுடறேங்கறார்," என்றார் தலைவர். "உடம்புதானே முக்கியம்? நாளைக்கே சாவியைக் கொடுத்துடறோம்."

தையற்காரர் தலையைப் பலமாக ஆட்டினார். தலைவர் அதற்கும் உரை சொன்னார்: "பாருங்க, ஆமாங்கறார்."

"சார், அவர் இன்னும் முடிக்கலை," என்றார் அம்மாள்.

"எனக்குத் தெரியாதாம்மா? அவன் என் வீட்லதானே..."

"இருக்கான்!" என்று முன்வரிசையிலிருந்து எழுந்தார் தலைவரின் மனைவி. "அதனாலதான் சொல்றேன். கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு இருங்க."

தலைவரின் வாக்கியத்தை வேறொருவர் முடித்துவைத்தது அதுவே முதல் தடவை. திகைத்து உட்கார்ந்துவிட்டார்.

மண்டபம் காத்திருந்தது. பேசாமல் இருப்பது எத்தனை கடினமான உடற்பயிற்சி! ஒருவர் இருமினார். ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார். உதவி செய்யத் துடித்த நாக்குகளையெல்லாம் அம்மாள் ஒரே பார்வையில் உள்ளே தள்ளினார். தையற்காரரின் கழுத்து நரம்பு புடைத்தது, நெற்றி வேர்த்தது.

"வி... விட... மாட்டேன்."

பிறகு, யாரும் கேட்காமலே, "என்... கடை."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே," என்றார் கட்டடக்காரர். எப்போது சொல்வார்? யார் விட்டார்கள்?

"நான் சொல்ல வந்தது இவ்வளவுதாங்க," என்றார் அம்மாள். "தன் முடிவைத் தானே சொல்ல முடிஞ்சாத்தான் ஒருத்தர் தன் பிழைப்பைப் பார்க்க முடியும். பேசுற பயிற்சியை அவருக்கு நான் கொடுக்கறேன். காத்திருக்கிற பயிற்சி உங்களுக்குத்தான் வேணும். அது இல்லாம எந்த வளர்ச்சியும்..."

நிறுத்தித் தலைவரைப் பார்த்தார். தலைவரின் வாய் திறந்தது. கண்கள் மனைவியிடம் போயின. வாய் மூடிக்கொண்டது.

"நீடிக்காது," என்று அம்மாளே முடித்தார்.

நன்றியுரையில் தலைவர், "நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்," என்றார்.

தையற்கடை இப்போது திறந்திருக்கிறது. அளவைச் சொல்லி முடிக்க அவருக்குச் சற்று நேரமாகிறது. யாரும் குறைபட்டுக்கொள்வதில்லை. தையற்காரரிடம் காத்திருப்பது நமக்கென்ன புதிதா?

வாசகரே, தலைவரைப் பார்த்து நன்றாகச் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் வீட்டில் யாராவது எதையோ சொல்ல வந்து, நடுவில் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, விடுங்க" என்று எழுந்து போவதுண்டா? நம் வீட்டில் எல்லோருக்கும் அதிகம் பேசாத சுபாவம் என்றுதானே இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தீர்கள்?