வெல்டிங் நைனாவின் கடைவாய்ப் பல்

மண்ணூர்பேட்டையில் வெல்டிங் நைனாவின் கடைவாய்ப் பல்லைவிடப் புகழ்பெற்ற பல் இதுவரை முளைத்ததில்லை; இனியும் முளைக்கப்போவதில்லை. வலது பக்கம், கீழ்வரிசை, கடைசிக்கு முந்தியது. அதன் உடல்நிலை பால் பாக்கெட் போடுபவர் முதல் எங்கள் அடுக்குமாடியின் ஐ.டி. இளைஞர்கள் வரை எல்லாருக்கும் தெரியும்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றும் தெரியாது. எங்கள் குடியிருப்புக்கு எதிரே வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார், அதனால் வெல்டிங் நைனா. எங்கள் குடியிருப்பின் இரும்பு கேட் அவர் செய்தது. முன்பு ஒரு தொழிற்சாலையில் கொதிகலன் குழாய்களை ஒட்டியவர். அந்த ஒட்டுகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத்தான் பாஸ் போடுவார்களாம். "என் ஒட்டு ஒண்ணுகூட ஃபெயிலானது கெடியாது சார்" என்று கேட்டைத் திறக்கும்போது ஒரு முறையும் மூடும்போது ஒரு முறையும் சொல்வார்.

ஒருநாள் அந்தப் பல் இருக்கும் கன்னம் பன் மாதிரி வீங்கியது. ஸ்கூட்டரில் ஏற்றி, சேக்காட்டில் ஒரு பல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். இளம்பெண். நாற்காலியில் ஏறும் முன்பே நைனா நிபந்தனை போட்டார்.

"டாக்டரம்மா, ஏற்கெனவே மூணு பல்லைப் புடுங்கிட்டாங்கோ. இந்தப் பக்கம் மெல்றதுக்கு இவன் ஒருத்தன்தான் கீறான். ஒட்டறது என் தொழிலு. புடுங்கறதப் பத்தி மட்டும் பேசக் கூடாது."

"சுகர் இருக்காய்யா?"

"கீது. அது பாட்டுக்கு கீது, நான் பாட்டுக்கு கீறேன்."

விரலில் குத்திப் பார்த்தார்கள். முந்நூற்றுப் பத்து. டாக்டர் பல்லைத் திறந்து சீழை வடித்துவிட்டு, தற்காலிகமாக அடைத்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார்: "பல்லைக் காப்பாத்தப் பார்க்கலாம். ஆனா இவ்வளவு சுகர் இருந்தா புண் சீக்கிரம் ஆறாது, கிருமியும் லேசுல போகாது. முதல்ல சுகரைக் குறைச்சுட்டு வாங்க. வேருக்குள்ள சுத்தம் பண்ணி, மருந்தால கழுவி, கடைசியா வெளிச்சம் அடிச்சு மிச்சக் கிருமியையும் ஒரு கை பார்க்கலாம்."

வெளிச்சம் என்ற சொல்லைத் தவிர வேறெதுவும் நைனாவின் காதில் ஏறவில்லை.

நான்காம் நாள் காலை அவரைப் பார்த்தேன். உதடு தோலுரிந்து, மூக்கு நுனி சிவந்து, நாக்கு தடித்துப்போயிருந்தது.

"இன்னா நைனா இது?" என்றேன். இந்த ஊருக்கு வந்து ஆறு வருடத்தில் எனக்கும் அந்த 'இன்னா' ஒட்டிக்கொண்டிருந்தது.

"வெளிச்சம்தானே சார் வோணும்? நம்மகிட்ட இல்லாத வெளிச்சமா? கண்ணுக்கு கறுப்புக் கண்ணாடி போட்டுகினு, வாயைத் தொறந்து வெச்சுகினு, அஞ்சு நிமிஷம் வெல்டிங் ஆர்க் அடிச்சேன்."

கண்ணாடி போட்டதைப் பெருமையாகச் சொன்னார். பாதுகாப்பு விஷயத்தில் அவர் எப்போதுமே கறார்.

மறுபடி ஸ்கூட்டரில் ஏற்றி அழைத்துப் போனேன். டாக்டர் பத்து நிமிடம் திட்டினார். எழுபது கிலோ நைனா நாற்காலியில் ஐம்பது கிலோவாகச் சுருங்கினார். பிறகு டாக்டர் ஒரு சின்னக் குப்பியைக் காட்டினார். உள்ளே நீலச் சாயம்.

"வெறும் வெளிச்சத்தால ஒண்ணும் ஆகாதுய்யா. முதல்ல இந்தச் சாயத்தை வேருக்குள்ள விடணும். கிருமி இதைப் பிடிச்சுக்கும். அப்புறம் அதுக்குன்னு இருக்கிற சிவப்பு வெளிச்சத்தை அடிச்சா, சாயம் வேலை செஞ்சு கிருமியைக் கொல்லும். இது கூடுதல் உதவிதான். சுத்தம் பண்றதுக்கும் சுகரைக் குறைக்கறதுக்கும் பதிலா இல்ல."

நைனா குப்பியை ஆட்டிப் பார்த்தார். முகம் தெளிந்தது. "இத மொதல்லயே சொல்லக் கூடாதா? வெல்டிங் ராடு மேல பூச்சு மாதிரி! பூச்சு உதிர்ந்த ராடுல இன்னாதான் ஆர்க் அடிச்சாலும் ஒட்டு நிக்காது. கசட தட்டி எடுக்காம மேல ஒட்டுனாலும் நிக்காது. சுகருதான் கசடு. சர்தான், தட்டிடலாம்."

மறுநாள் முதல் பட்டறை ஷட்டரில் சாக்பீஸால் ஒரு எண் தோன்றியது. காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை. இரும்பில் அளவு குறிக்கும் அதே கறாரான கையெழுத்து. தெருவே அதை கிரிக்கெட் ஸ்கோர்போல் படித்தது. ஐ.டி. இளைஞர்கள் கம்பெனி பஸ்ஸின் ஜன்னலிலிருந்து கைதட்டினார்கள். ஒரு திங்கட்கிழமை எண் எகிறியிருந்தது. டீக்கடைக்காரர் பாய்லருக்குப் பின்னாலிருந்தே கத்தினார்:

"மாமே, நேத்து கல்யாணத்துல இன்னா துன்னே?"

"ஒரே ஒரு ஜாங்கிரி."

"ஒண்ணுக்கு இவ்ளோ ஏறுமா? ஷட்டரு பொய் சொல்லாது மாமே!"

அன்றிலிருந்து அவருக்குச் சர்க்கரை போட்ட டீ கிடையாது என்று கடையிலேயே முடிவாகிவிட்டது. அவர் கெஞ்சவில்லை. மாத்திரையை நேரத்துக்குப் போட்டார். காலையில் தொழிற்பேட்டையை இரண்டு சுற்று, வெல்டிங் முகமூடியைக் கக்கத்தில் இடுக்கியபடி நடந்தார். எதற்கு அது என்று கேட்டேன். கையை வெறுமனே வீசினால் ஆட்கள் தன்னை ஓய்வுபெற்றவன் என்று நினைத்துவிடுவார்களாம்.

மூன்று மாதத்தில் எண் நூற்று முப்பதைத் தொட்டது. டாக்டர் தேதி கொடுத்தார்.

அன்று நைனா அந்த முகமூடியோடுதான் வந்தார். டாக்டர் கொடுத்த பாதுகாப்புக் கண்ணாடியை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்து, "இது பத்தாது" என்று நிராகரித்தார். பட்டறைக் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். சுத்தம் செய்து, கழுவி, சாயம் விட்டு, நூல் போன்ற முனையை வேருக்குள் இறக்கினார் டாக்டர். கடைசியில் வேரை அடைத்துவிட்டு வாயிலிருந்த சாமான்களை எடுத்ததும் நைனா கேட்டார்: "எப்போ வெளிச்சம் அடிப்பீங்கோ?"

"அடிச்சு முடிச்சுட்டேன்யா."

"ஒரு பொறிகூட பறக்கலியே!" மூன்று மாதம் இனிப்பை விட்டவருக்கு இவ்வளவுதானா என்கிற ஏமாற்றம்.

ஆறு மாதம் கழித்துப் பரிசோதனை. டாக்டர் எக்ஸ்ரேயைத் திரையில் காட்டி வாயைத் திறக்குமுன், நைனா மூக்கு திரையில் படும்படி குனிந்தார். பழைய படத்தில் வேர் நுனியில் கருப்பாக இருந்த இடம் பெரும்பாலும் வெளுத்திருந்தது. வேர் முழுக்க இடைவெளி இல்லாமல் அடைக்கப்பட்டிருந்தது. அவர் அவசரப்படவில்லை. மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக ஆராய்ந்தார். டாக்டர், பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்போல் நின்றார்.

"பாஸ்" என்றார் நைனா.

"இன்னும் முழுசா ஆறலைய்யா. ஆறு மாசம் கழிச்சு மறுபடி பார்க்கணும்."

"அப்பவும் பாஸ்தான்."

கிளம்பும்போது நர்ஸ், துணைக்கு வந்த என் விரலிலும் சும்மா குத்திப் பார்த்தார். இருநூற்று நாற்பது. எனக்குச் சர்க்கரை இருப்பது அன்றுதான் தெரிந்தது.

ஸ்கூட்டரில் திரும்பும்போது, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க நைனா" என்றேன்.

"சேச்சே! நான் வாயைத் தொறப்பனா சார்?"

திறக்கவில்லை. மறுநாள் காலை ஷட்டரில் அவர் எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் இருந்தது. மேலே 'சார்' என்று எழுதி, கீழே காலியாக விட்டிருந்தார். டீக்கடை முழுவதும் என்னையே பார்த்தது. வேறு வழியில்லாமல் சாக்பீஸை வாங்கி என் எண்ணை எழுதினேன். எழுத்து கோணல் என்று நைனா அதை அழித்துவிட்டுத் தானே எழுதினார்.

அன்று முதல் அவர்தான் எழுதுகிறார். நான் ஊருக்குப் போய் இரண்டு நாள் தாமதமாகத் திரும்பினால், ஷட்டரில் அவர் எண் மாறியிருக்கும். என் கட்டம் மட்டும் காலியாக, கோடு புதிதாகப் போடப்பட்டு, எனக்காகக் காத்திருக்கும்.