கணவாய் மூடியிருக்கிறது, ஜன்னலையும் மூடுங்கள்

காலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டு அடுப்பில் சாம்பல் அள்ளுவது நான்தான். 'நான் அள்ளுகிறேன்' என்றுதான் மருமகள் சொல்வாள், நான் விடுவதில்லை. அவள் அள்ளினால் பாதி தரையில் சிந்தும் என்பது வெளியே சொல்லும் காரணம். உண்மை வேறு. ஒரு கையில் சாம்பல் கரண்டி, மறு கையில் கைபேசி என்று அடுப்புக்கு முன்னால் குந்தியிருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் ஊருக்கு என்னால் ஏதாவது நல்லது செய்ய முடிகிறது. "கவனம்! பிஷ்கெக் நகரக் காற்று இன்று மிக மோசம். நிலக்கரி எரிப்பதைத் தவிர்க்கவும். அனைவருக்கும் பகிரவும்." பகிர்கிறேன். பகிர்ந்துவிட்டு, கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு, அதே கரண்டியால் நிலக்கரியை அள்ளி அடுப்புக்குள் போடுகிறேன்.

சிரிக்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்த இனம்தான் இது: எச்சரிக்கை அனுப்புகிறவர்கள். ஆணிலும் உண்டு, பெண்ணிலும் உண்டு, ஐம்பது வயதுக்கு மேல் நன்றாக முற்றும். "என்ன, சௌக்கியமா?" என்று கேட்டுப் பாருங்கள். "முந்நூற்றுப் பதினெட்டு" என்று பதில் வரும். அது அன்றைய காற்றின் எண். முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கி விட்டுக்கொண்டு, எதிரே வருகிறவரை நிறுத்தி, முகக்கவசம் போடச் சொல்வார்கள். செய்தியின் தலையில் எச்சரிக்கையின் மஞ்சள் முக்கோணத்தைக் கண்டால் கீழே எழுதியிருப்பதைப் படிக்க மாட்டார்கள். தேதியைப் பார்க்கவே மாட்டார்கள். எச்சரித்துவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்பது இவர்கள் மதம். "அனுப்பியாச்சு" என்பது அதன் மந்திரம்.

இந்த இனம் செழித்து வளர எங்கள் ஊரைப் போன்ற மண் வேறெங்கும் கிடையாது. மலையில் பனிப்புயல் அடிக்கிற நாளில் கணவாய் மூடிக்கொள்ளும். புயல் ஓய்ந்து காற்று அசையாமல் நிற்கிற நாளில், அத்தனை வீட்டுப் புகையும் மேலே போக வழியில்லாமல் நகரத்தின் தலையிலேயே மூடிக்கொள்ளும். ஆக, நவம்பரிலிருந்து மார்ச் வரை ஏதாவது ஒன்று மூடியே இருக்கும். எங்களுக்கு ஓய்வு ஏது?

என் மகன் மிர்லான் தோ-அஷூ கணவாயில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறான். இரண்டு வாரம் மேலே, நான்கு நாள் வீட்டில். மேலே இருக்கும்போது தாய் சும்மா இருக்க முடியுமா?

"மிர்லான், கணவாயில புயலாம்டா. பார்த்தியா?"

"பார்த்தேம்மா. கண்ணாடிக்கு வெளியே அது ஒண்ணுதான் தெரியுது."

"யாரும் வண்டிய எடுக்காதீங்கன்னு போட்டிருக்கான்."

"நான் எடுத்தாத்தான்மா மத்தவன் எடுக்க முடியும்."

"சரி சரி. உன்கூட இருக்கிறவங்களுக்கும் அத அனுப்பிடு."

அவன் அனுப்பினானா என்று நான் கேட்கவில்லை. நான் அனுப்பியாச்சு.

நகரத்தின் விளிம்பில் அக்-ஒர்கோவில் எங்கள் தெரு. ஐம்பத்து நான்கு வீடு. தெருத் தலைவி நான். தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். மற்றவர்களெல்லாம் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. தெருக் குழுவில் ஒரு நாளைக்குப் பத்து எச்சரிக்கை போடுவேன். இந்தக் குளிர்காலத்தின் தொடக்கத்தில் ஏதோ தன்னார்வப் பிள்ளைகள் வந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். காற்றை அளந்து, அளந்ததை அந்த நிமிடமே நகர வரைபடத்தில் காட்டும். எங்கள் தெரு என்ன நிறம் என்று உலகமே பார்க்கலாம். பச்சை, மஞ்சள், சிவப்பு, ஊதா, அதற்கும் மேலே போனால் காய்ந்த இரத்தத்தின் நிறம்.

அதை எங்கே மாட்டினேன் என்று நினைக்கிறீர்கள்? சகினின் குளியல் கூடத்தைப் பார்த்த சுவரில்.

தெருமுனையில் சகின் ஒரு பொதுக் குளியல் கூடம் நடத்துகிறான். காலையிலிருந்து சாயங்காலம் வரை அங்கிருந்து வெள்ளை வெள்ளையாக எழும்பிக்கொண்டிருக்கும். தெருவின் இருமலுக்கெல்லாம் வேர் அங்கேதான் என்று மூன்று வாரமாகக் குழுவில் எழுதி வந்தேன். டயர் எரிக்கிறான் என்றும் ஒரு தடவை எழுதினேன். பார்த்தாயா என்று யாரும் கேட்கவில்லை. ஒரு நாள் அவனே வேலியோரம் வந்து நின்றான்.

"தமிரா அக்கா, அது புகை இல்ல. ஆவி. தண்ணி கொதிச்சா வருமே, அது."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க தம்பி."

"நான் இலையுதிர் காலத்துலயே காஸுக்கு மாறிட்டேங்க்கா. உங்க புகைக்கூண்டுலயிருந்து என்ன, பன்னீரா வருது?"

எவ்வளவு கொழுப்பு பாருங்கள். எங்கள் வீட்டில் எரிவது கரா-கெச்சே சுரங்கத்து நிலக்கரி. பளபளவென்று கறுப்பாக, கையில் எடுத்தால் கனமாக இருக்கும். என் இனத்துக்கு ஒரு நம்பிக்கை உண்டு: பிறர் வீட்டிலிருந்து வருவது புகை, நம் வீட்டிலிருந்து வருவது வெதுவெதுப்பு. காஸ் குழாய் எங்கள் தெருவுக்கு வந்து இரண்டு வருடமாகிறது. விண்ணப்பம் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. கையெழுத்துப் போட ஒரு நிமிடம் ஆகும். ஆனால் போட்டால் சகின் ஜெயித்த மாதிரி ஆகிவிடாதா?

இனி, சொல்லக் கூச்சமாக இருக்கிற பகுதிக்கு வருகிறேன்.

என் கணவர் போய் ஆறு வருடம். வீட்டில் நான், மருமகள் சைக்கால், பேரன் பாயெல். அவனுக்கு இரண்டு வயது. நவம்பரில் தொடங்கிய இருமல் நிற்கவே இல்லை. இருமி இருமிக் குழந்தையின் விலா எண்ணும்படி ஆகிவிட்டது. "மருந்து எழுதித் தர்றேன், ஆனா இந்தப் புகைக்குள்ளயே வெச்சுக்கிட்டு மருந்து குடுத்து என்ன புண்ணியம்? கொஞ்ச மாசம் வேற எங்கயாவது கொண்டு போங்க" என்றார் மருத்துவர். சைக்காலின் பிறந்த வீடு கணவாய்க்கு அந்தப் பக்கம், சூசமீர் பள்ளத்தாக்கில். அங்கே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது வரை இறங்கும். ஆனால் வானம் கழுவி வைத்தது போலிருக்கும்.

"அத்தே, இவனைக் கூட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டு வரட்டுமா? குளிர் முடியற வரைக்கும்."

எங்கள் பக்கத்தில் மருமகள் இப்படிக் கேட்டால் மாமியார் வேண்டாம் என்று சொல்வது அழகல்ல. நானும் சொல்லவில்லை.

"இது என்னம்மா கேள்வி? தாராளமா போயிட்டு வா. கணவாய் மட்டும் திறக்கட்டும்."

அன்றிலிருந்து அவளுக்குக் கணவாய் எச்சரிக்கையாக அனுப்பினேன். புயல். பனிச்சரிவு. வண்டிகள் தேக்கம். மூடப்பட்டது, மூடப்பட்டது, மூடப்பட்டது. அடுப்படியிலிருந்து அடுத்த அறைக்கு அனுப்புவேன். ஊர் முழுக்க அனுப்பிய காற்று எச்சரிக்கையில் ஒன்றைக்கூட அவளுக்கு அனுப்பவில்லை. பாயெல் போய்விட்டால் இந்த வீட்டில் நானும் அடுப்பும்தான் மிச்சம். அதை வாயால் சொல்ல முடியாமல் மஞ்சள் முக்கோணத்தால் சொன்னேன். புது எச்சரிக்கை கிடைக்காத ஒரு வெள்ளிக்கிழமை போன வருடத்து எச்சரிக்கை ஒன்றையும் அனுப்பி வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் அவளிடமிருந்து ஒரே பதில்: "சரி அத்தே."

இதில் ஒரு சின்னத் தவறு இருந்தது. அந்தக் கணவாயைப் பனி தள்ளித் திறந்து வைக்கிறவன் அவளுடைய புருஷன். தினமும் சாயங்காலம் அவளோடு அரைமணி நேரம் பேசுகிறவன். இது எனக்குத் தோன்றவில்லை. எச்சரிக்கை அனுப்புகிறவர்களுக்குத் தோன்றாது; நாங்கள் யோசித்தால் கை நின்றுவிடும்.

போன புதன்கிழமை தெருப் பெண்கள் ஏழு பேரைத் தேநீருக்கு அழைத்திருந்தேன். சகின்மேல் மனு எழுத வேண்டும். காற்று அசையாத நாள். காலையிலிருந்து ஒன்பது எச்சரிக்கை. எச்சரிக்கையில் மூன்றாவது அறிவுரை ஜன்னலை மூடச் சொன்னது. மூடினேன். இடுக்குகளில் ஈரத்துணி அடைத்தேன். தேநீருக்குப் போர்சோக் மாவுத் துண்டுகள் பொரித்த எண்ணெய்ப் புகையும் அடுப்புச் சூடும் வெளியே போகாமல் வீடு கதகதவென்றிருந்தது. பாயெல் இருமிக்கொண்டேயிருந்தான். பிள்ளைக்குக் கண் பட்டிருக்கிறது என்றாள் ஒருத்தி. அதற்கு நம்மிடம் மருந்து இல்லையா? திருஷ்டிக்குப் புகைக்கிற ஆர்ச்சா மரக் கிளையை உடைத்து வாணலியில் பற்றவைத்து, "அலாஸ், அலாஸ்" என்று சொல்லி, அந்தப் புகையைக் குழந்தையின் தலையைச் சுற்றி மூன்று தடவை கொண்டுபோனேன். பிறகு அறையின் நாலு மூலைக்கும் காட்டினேன். பிறகு, வந்திருந்த ஏழு பேருக்கும். பாயெல் இன்னும் பலமாக இருமினான்.

"உள்ள இருக்கிற தீங்கு வெளியே வருது பாருங்க" என்றேன்.

சைக்கால் வாசற்படியில் நின்று, "அத்தே, போதும் அத்தே" என்றாள். கேட்டது. கேட்காத மாதிரி இருந்தேன்.

வெளியே நரகம், உள்ளே சொர்க்கம் என்று பெண்களுக்கு நிரூபிக்க வேண்டாமா? சுவரிலிருந்து வெள்ளைப் பெட்டியைக் கழற்றி வந்து, தேநீர் மேசையில் ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

வெளியே இருந்தபோது பெட்டி காட்டிய எண் இருநூற்று நாற்பது. மேசைக்கு வந்ததும் முந்நூறு. ஐந்நூறு. எண்ணூற்றைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டுச் சும்மா மின்னத் தொடங்கியது. வரைபடத்தில் எங்கள் தெரு காய்ந்த இரத்த நிறத்துக்குப் போயிற்று. மேசையைச் சுற்றியிருந்த கைபேசிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கத்தின. அக்-ஒர்கோவில் கிடங்கு எரிகிறதாம் என்றது ஒன்று. தொழிற்சாலை என்றது இன்னொன்று. முன்பின் தெரியாத யாரோ எனக்கும் அனுப்பியிருந்தார்: "கவனம்! அக்-ஒர்கோவில் அபாயகரமான காற்று. அந்தத் தெருப் பக்கம் யாரும் போகாதீர்கள். பகிரவும்."

நான் என்ன செய்தேன்? கைதான் செய்தது. பகிர்ந்துவிட்டேன்.

கதவை இடித்துக்கொண்டு சகின் உள்ளே வந்தான். இரண்டு கையிலும் தண்ணீர் வாளி.

"அக்கா! எங்க எரியுது? எந்த அறை?"

அவன் வாணலியைப் பார்த்தான், அடைத்த ஜன்னலைப் பார்த்தான், மேசையில் மின்னுகிற பெட்டியைப் பார்த்தான். வாளிகளைக் கீழே வைத்தான். சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன், சிரித்திருந்தால் தேவலை. பாயெலின் உதடு லேசாக நீலம் பாரித்திருந்தது. சைக்கால் ஈரத்துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஜன்னலைத் திறந்து, குழந்தையைப் போர்வையில் சுருட்டித் தூக்கிக்கொண்டாள்.

"எங்க கூடத்து முன்னறையில கொண்டு போய் உட்காரும்மா. அங்க மூச்சு விடலாம்" என்றான் சகின். என்னைப் பார்க்கவே இல்லை.

மனு எழுத வந்தவர்கள் காலணியைத் தேடினார்கள்.

மூச்சு சீராகிவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை என்று சாயங்காலம் மருத்துவர் சொன்னார். "இந்தத் தடவை" என்றும் சேர்த்துச் சொன்னார்.

இவ்வளவும் படித்துவிட்டு நீங்கள் தலையை ஆட்டிக்கொண்டிருப்பீர்கள். 'அப்படியே எங்கள் பெரியம்மா', 'எங்கள் மாடி வீட்டுக்காரர்' என்று யார் முகமோ கண்ணுக்கு முன்னால் வந்திருக்கும். இதை அவர்களுக்கு உடனே அனுப்ப வேண்டும் என்று விரல் பரபரக்கிறதா? நானும் இப்படித்தான் ஆரம்பித்தேன்.

இன்று வெள்ளிக்கிழமை. வாசலில் மிர்லானின் கூட்டாளி வண்டியோடு நின்றிருந்தான். குழந்தையின் துணிகளைச் சைக்கால் மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். கம்பளிக் காலுறையோடு கட்டிலில் உட்கார்ந்து பாயெல் கட்டில் விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தான். எதிரே நாற்காலியில் நான்.

"கணவாய்..." என்றேன்.

"திறந்திருக்கு அத்தே. விடியறப்ப அவருதான் திறந்தாரு."

"போன மாசமெல்லாம்?"

"அதுவும் பாதி நாள் திறந்துதான் இருந்துச்சு."

"தெரிஞ்சுமா சரி சரின்னு சொன்னே?"

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "நீங்க தனியா இருப்பீங்களேன்னுதான். மூடியிருக்குன்னே நானும் நம்பிக்கிட்டேன் அத்தே. இவன் நெஞ்சு நம்ப மாட்டேங்குது."

பையின் வாயைக் கட்டினாள். கல்யாணமாகி வந்த நான்கு வருடத்தில் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள்.

"அடுத்த குளிருக்கு இந்த வீட்டுல காஸா, நிலக்கரியா? நீங்க அதைச் சொல்லுங்க. இவனை எப்ப திருப்பிக் கூட்டிட்டு வர்றதுன்னு நான் சொல்றேன்."

இந்த நகரத்தில் எவன் எதை எரிக்கலாம், எவன் எந்த வழியாகப் போகலாம், எவன் எப்போது ஜன்னலைத் திறக்கலாம் என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். என் பையில் கைபேசி அதிர்ந்தது.

"இரு, என்னமோ வந்திருக்கு. பார்த்துட்டு வந்துடறேன்" என்று சொல்லி, எழுந்து, அறையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.